கடலடிக் குழாய் நெளிந்த கதை

2000 ஜனவரி 18. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய குவானபாரா விரிகுடாவில் சுமார் 13 லட்சம் லிட்டர் எரியெண்ணெய் கலந்தது. டூக்கி டி கஷியாஸ் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சூடான எண்ணெயைக் கொண்டுசென்ற பெட்ரோப்ராஸ் நிறுவனத்தின் குழாய் உடைந்திருந்தது. அலையாத்திக் காடுகளில் எண்ணெய் படிந்தது. விரிகுடாவை நம்பியிருந்த மீனவர்களின் பிழைப்பு முடங்கியது. குழாயை ஆராய்ந்தபோது வெப்பமே காரணம் எனத் தெரிந்தது. சூடேறி நீள முயன்ற குழாய், மென்சேற்றில் பக்கவாட்டில் பிதுங்கி, மடங்கிக் கிழிந்துவிட்டது.

எஃகு சூட்டில் நீளும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். கடலடி மண்ணின் உராய்வு அதை நகரவிடாது. நீள முடியாத குழாய்க்குள் அந்த நீட்சி அமுக்குவிசையாகச் சேர்கிறது. 12 அங்குல விட்டமும் 16 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாயில் இந்த விசை சுமார் 300 டன் வரை போகும். உள்ளே ஓடும் எண்ணெயின் அழுத்தமும் இதனுடன் சேரும். மண்ணுக்குள் புதைத்த குழாய் இந்த விசை தாளாமல் மேல்நோக்கிக் கிளம்பும். படுகையின் மேல் கிடக்கும் குழாய் பக்கவாட்டில் நெளியும்.

இந்தக் கணக்கின் வேர் பழையது. மெல்லிய கம்பியை இரு முனைகளிலும் அழுத்தினால் அது எந்த வடிவில் வளையும் என்பதை லெயன்ஹார்ட் ஆய்லர் 1744இலேயே எழுதிவைத்தார். கோடை வெயிலில் தண்டவாளம் நெளிவதை ஆராய்ந்த ரயில்வே பொறியாளர்கள் அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அமெரிக்காவில் ஆர்னால்ட் கெர் 1970களில் செய்த தண்டவாள ஆய்வுகள் அவற்றில் முக்கியமானவை. சரளைக்கல் தரும் உராய்வை எதிர்த்து நெளியும் தண்டவாளத்துக்கும் கடல் மண்ணை எதிர்த்து நெளியும் குழாய்க்கும் சமன்பாடு ஏறத்தாழ ஒன்றுதான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரோஜர் ஹாப்ஸ் அந்தத் தொடர்பைப் பயன்படுத்திக்கொண்டார். 1981இலும் 1984இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், குழாய் பக்கவாட்டில் எந்தெந்த வடிவங்களில் நெளியலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைச் சுருக்கமான சூத்திரங்களாகவும் மாறிலிகளின் அட்டவணையாகவும் தந்தன. கால்குலேட்டர் வைத்திருந்த எந்தப் பொறியாளரும் அதைப் போட்டுச் சரிபார்க்க முடிந்தது. இந்தத் துறை அப்படித்தான் வளர்ந்தது: ஒருவர் கணக்கை வெளியிட்டார், இன்னொருவர் அதைத் திருத்தினார்.

குழாய்ப் பொறியாளர் ஆண்ட்ரூ பாமர் இந்த வரலாற்றில் பல இடங்களில் வருகிறார். உள்ளழுத்தம் மட்டுமே குழாயைப் பக்கவாட்டில் நெளிக்கப் போதும் என்பதை 1974இல் பால்ட்ரியுடன் சேர்ந்து காட்டினார். மறு ஆண்டே மார்ட்டினுடன் எழுதி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, வேறொரு ஆபத்தை அலசியது. ஆழ்கடலில் குழாய் ஓரிடத்தில் நசுங்கினால், அந்த நசுங்கல் வெளிநீரின் அழுத்தத்தால் குழாய் நெடுகிலும் ஓடிக்கொண்டே போகும். அதைத் தொடங்கிவைக்கத் தேவையான அழுத்தத்தைவிட, ஓடவைக்கும் அழுத்தம் மிகக் குறைவு. ஒஹையோவின் பட்டெல் ஆய்வகத்தில் இந்த நிகழ்வு ஆராயப்பட்டது. குழாயில் இடைவெளி விட்டுத் தடித்த வளையங்களைப் பொருத்தி அதைத் தடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வட கடலும் பாடம் சொன்னது. டென்மார்க் கடற்பகுதியில் ரோல்ஃப், கோர்ம் எண்ணெய்த் தளங்களை இணைத்த புதைகுழாய் 1986இல் மேல்மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தது. அந்த அனுபவம் 1990ஆம் ஆண்டு ஹூஸ்டன் கடல்சார் தொழில்நுட்ப மாநாட்டில் விரிவாக வெளியிடப்பட்டது. புதைகுழாய்க்கு மேல் எவ்வளவு மண் வேண்டும் என்று கணிக்கும் முறையை பாமரும் கூட்டாளிகளும் அதே மாநாட்டில் முன்வைத்தார்கள்.

ஆனால் மேடும் பள்ளமுமான படுகையில், ஏறி இறங்கும் வெப்பத்தில், எஃகு நிரந்தரமாக வளையும் நிலையைச் சூத்திரத்தால் பிடிக்க முடியாது. அதற்குக் கணினி வேண்டியிருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சன் 1970இல் எழுதிய ‘சாப்’ என்ற கட்டமைப்பு ஆய்வு நிரலும், 1973இல் வந்த அதன் நான்காம் பதிப்பும் மூல நிரலோடு, சிறு கட்டணத்துக்குக் கிடைத்தன. அதே காலத்தில் வணிக மென்பொருள்களும் எழுந்தன. ‘ஆன்சிஸ்’ 1970இலும் ‘அபாகஸ்’ நிறுவனம் 1978இலும் பிறந்தன. நெளிவுக் கணக்கு இவற்றின் கைக்குப் போவதற்குக் காரணம் இருந்தது. குழாய் நெளியும் கணத்தில் அதன் தாங்குவிசை சட்டென்று சரியும். சாதாரண முறையில் படிப்படியாக விசையை ஏற்றும் நிரல் அங்கேயே நின்றுவிடும். ரிக்ஸ் 1979இலும் கிரிஸ்ஃபீல்ட் 1981இலும் வெளியிட்ட வில்நீள முறைகள் அந்தச் சரிவைத் தாண்டிக் கணக்கைக் கொண்டுசெல்ல உதவின.

இதனால் கணக்கின் திறன் கூடியது. அதைப் பார்க்கும் வாசல் சுருங்கியது. உரிமக் கட்டணம் பல சிறு ஆலோசனை நிறுவனங்களுக்கு எட்டவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நெளிவுக் கணக்கின் விடை, மண் உராய்வையும் குழாயின் தொடக்கக் கோணலையும் பொறுத்துப் பெரிதும் மாறும். ஒரே குழாய்க்கு இரு பொறியாளர்கள் இரு விடை சொன்னால், வேறுபாடு எங்கே நுழைந்தது என்பதை நிரலைத் திறந்து பார்த்தால்தானே அறிய முடியும்? வணிக நிரல்கள் அதற்கு இடம் தரவில்லை.

அந்த வாசல் வேறு துறைகளின் வழியாகத் திறந்தது. பிரான்ஸின் மின்வாரியமான ஈ.டி.எஃப். தன் மின்நிலையங்களுக்காக 1989இல் தொடங்கிய ‘கோட் ஆஸ்டர்’ நிரலை 2001இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. குழாய்களுக்கென்றே தனி உறுப்பு வகைகள் அதில் உண்டு. ஜெர்மனியில் விமான எஞ்சின் நிறுவனமொன்றின் பொறியாளர்களான கிடோ டோன்ட்டும் கிளாவ்ஸ் விட்டிக்கும் ‘கால்குலிக்ஸ்’ நிரலை உருவாக்கினார்கள். அதன் உள்ளீட்டு வடிவம் அபாகஸை ஒத்தது. எனவே பழகிய பொறியாளர்கள் எளிதில் மாற முடிந்தது.

நிலநடுக்க ஆய்வுக்காக பெர்க்லியில் உருவான ‘ஓப்பன்சீஸ்’ இந்தக் கதையில் தனி இடம் பெறுகிறது. வில்நீள முறை அதில் உண்டு. மண்ணின் பக்க எதிர்ப்பையும் உராய்வையும் தாங்குவிசையையும் தனித்தனி ஸ்பிரிங்குகளாகப் பொருத்தும் வசதியும் உண்டு. அந்த ஸ்பிரிங்குகளின் முன்னோடி, மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய்த் தளங்களின் தூண்களுக்காக ஹட்சன் மேட்லாக் 1970இல் வெளியிட்ட, களிமண்ணின் எதிர்ப்பைக் காட்டும் வளைகோடு. கடலிலிருந்து நிலநடுக்கத் துறைக்குப் போன கருவியால் இன்று மறுபடி கடலடிக் குழாயைக் கணிக்கலாம்.

நிரல் திறந்தாலும் தரவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. 2002இல் தொடங்கிய ‘சேஃப்பக்’ கூட்டு ஆய்வுத் திட்டம், குழாய் நெளிவதைத் தடுக்காமல், தேர்ந்த இடங்களில் அளவோடு நெளியவிடும் வடிவமைப்புக்கு வழி வகுத்தது. குழாயைப் பாம்புபோல வளைத்துப் பதிப்பதும் குறுக்கே கட்டைகள்மேல் தூக்கிவைப்பதும் அந்த வகை உத்திகள். திட்டத்தின் முடிவுகள் முதலில் பணம் கட்டிய உறுப்பினர்களுக்கே கிடைத்தன. ஆண்டுகள் கழித்துத்தான் தரநிர்ணய அமைப்பான டி.என்.வி.யின் பொது வழிகாட்டிகளில் சேர்ந்தன.

எனவே இன்று கட்டற்ற குழாய் மென்பொருள் எழுதுவோருக்கு இரு வேலைகள் உள்ளன. ஹாப்ஸின் 1984 அட்டவணையைத் தங்கள் நிரல் அப்படியே திரும்பத் தருகிறது என்று காட்டுவது முதல் வேலை. பைத்தானில் சில வரிகளில் அதைச் செய்யலாம். ரோல்ஃப் போல வெளியான விபத்துகளின் அளவீடுகளோடு ஒப்பிட்டு, உராய்வுக்கு எந்த எண்ணை ஏன் எடுத்தோம் என்று நிரலுடனேயே வெளியிடுவது அடுத்தது. அடுத்து வருபவர் அந்த எண்ணை மாற்றிப் போட்டுப் பார்க்க அதுவே வழி.