எண்ணப்பட்ட பறவைகளும் எண்ணப்படாத மனிதர்களும்

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் ஈரநிலத்தில், கல்லில் வெட்டிய ஒரு கணக்கு இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் துரை வந்தார், எத்தனை பறவை விழுந்தது என்று வரிசையாகச் சொல்லும் கணக்கு. 1938 நவம்பர் 12 அன்று வந்தவர் வைஸ்ராய் லின்லித்கோ. விழுந்தவை 4,273. இதுவும் ஒரு நீர்ப்பறவைக் கணக்கெடுப்புதான் என்றால் பறவை ஆர்வலர்களுக்குக் கோபம் வரும். ஆனால் எண்ணுவது என்ற செயல் பாசத்தில் மட்டும் பிறந்ததல்ல. எண்ணுகிறவனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு அதற்குள்ளே இருக்கிறது.

கேவலாதேவ் தானாக உண்டான காடு அல்ல. அஜான் அணையிலிருந்து தண்ணீரைத் திருப்பி, மகாராஜாவின் வாத்து வேட்டைக்கென்று வளர்த்த தாழ்நிலம். சுற்றுக் கிராமத்தாரின் எருமைகளும் அங்கேதான் மேய்ந்தன. 1956இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. அப்புறமும் 1972 வரை மகாராஜாவுக்குச் சுடும் உரிமை இருந்தது. 1981இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. அந்த உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று, 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து தங்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஓர் இனத்தின் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்காவது தங்க வேண்டும் என்பது. வேட்டைக்காரனின் பெருமையாக இருந்த எண், இப்போது சட்டத்தின் பாஷையாகிவிட்டது.

சரி, எருமையை யார் எண்ணினாங்க?

1982 நவம்பரில் பூங்காவுக்குள் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மேய்ச்சல் பறவைக்குக் கெடுதல் என்பது அன்றைய அறிவியலார் பலரின் நம்பிக்கை. சாலிம் அலியும் தடையை ஆதரித்தார். கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு, எழுதியவர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். 1938இல் விழுந்த வாத்துக்கு ஒன்றுகூடப் பிசகாத கணக்கு கல்லில் நிற்கிறது. 1982இல் விழுந்த மனிதனுக்கு அது இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால், அறிவியல் என்பதே அதிகாரத்தின் கைக்கருவி என்று எழுதிவிட்டு நாம் தூங்கப் போயிருக்கலாம். அப்படி முடியவில்லை. 1980இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நீண்ட கள ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. தலைமை வி.எஸ். விஜயன், பின்னர் கோவை சாலிம் அலி மையத்தின் முதல் இயக்குநரானவர். ஆண்டுக்கணக்கில் பறவை, மீன், புல், தண்ணீர் எல்லாவற்றையும் அளந்தார்கள். எருமை போனபின் நீர்ப்புல் மண்டித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மீனும் பறவையும் குறைந்தன. தண்ணீரைத் திறந்து வைத்திருந்தவை எருமைகள் என்பதே 1991இல் வந்த முடிவு. தடையை ஆதரித்த கழகமே, தன் கணக்கை நேர்மையாகப் படித்து, அந்தத் தடைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. புல்லறுக்கப் பிற்பாடு கிராமத்தாருக்கு அனுமதி கிடைத்தது. இதைத்தானே அவர்கள் முதலிலேயே சொன்னார்கள்? சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னது எண்ணாக இல்லை.

1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு ஜனவரியிலும் நம்ம ஊர் ஏரிகளிலும் நடக்கிறது. குழுத்தலைவர் ஏரியைப் பகுதி பிரிக்கிறார். கூட்டம் பெரிதானால் பத்துப் பத்தாக, நூறு நூறாக மதிப்பிடச் சொல்கிறார். பறந்துபோய் அடுத்த பகுதியில் இறங்கியதை இரண்டு தடவை எண்ணாமல் பார்த்துக்கொள்கிறார். இந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரியைக் குப்பைமேடாக்க வருகிறவன் முன்னால் வைக்க, பல வருஷத்து எண்ணைப் போல வேறு ஆயுதம் நம்மிடம் அதிகமில்லை.

ஆனால் படிவத்தில் பறவைக்குக் கட்டம் இருக்கிற மாதிரி, மேய்கிற மாட்டுக்கும் வலை வீசுகிறவருக்கும் கட்டம் வேண்டும்; அவர்களை இடைஞ்சல் என்ற தலைப்பின் கீழே தள்ளாமல். வேடந்தாங்கல் ஜனங்கள் 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவையைச் சுடக்கூடாதென்று உத்தரவு வாங்கியபோது, அவர்கள் கையில் எந்த எண்ணிக்கையும் இல்லை. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்ற அனுபவம்தான் இருந்தது. அடுத்த ஜனவரியில் கரையில் தொலைநோக்கியை நிறுத்துமுன், அங்கே மாடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதையும் படிவத்தில் எழுதுங்கள்.