அனாட்டமி, பிசியாலஜி: தமிழ் மீடியம் மாணவர்கள் ஏன் திணறுகிறார்கள்? வழி என்ன?

பிளஸ் 2 வரை உயிரியலைத் தமிழில் படித்து, நீட் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் கல்லூரிக்குள் நுழைந்ததும் எல்லாமே ஆங்கிலம். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த கீழப்பாவூர், பாவூர்சத்திரம் வட்டாரத்திலிருந்து மருத்துவம், நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் முட்டி நிற்பது அனாட்டமி, பிசியாலஜியில்தான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அனாட்டமி (உடற்கூறியல்) என்பது உறுப்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பது. பிசியாலஜி (உடலியங்கியல்) என்பது அது எப்படி வேலை செய்கிறது என்பது. சிறுநீரகம் வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பின் இருபுறமும் இருக்கிறது என்றால் அது அனாட்டமி. அது ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகிறது என்றால் அது பிசியாலஜி. வார்டில் நோயாளியின் சிறுநீர் அளவை நர்ஸ் ஏன் குறித்து வைக்கிறார் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

இதைத் தமிழில் படிக்கவே முடியாதா?

150 வருஷத்துக்கு முன்பே படித்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதால், 1860களில் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். 1852ல் கால்வின் கட்டரின் உடலியல் நூல் தமிழில் வந்தது. கிரே உள்ளிட்டோரின் நூல்களைக் கொண்டு உருவான 'மனுஷ அங்காதிபாதம்' 1872ல் வெளியானது. அனாட்டமிக்கு 'அங்காதிபாதம்', பிசியாலஜிக்கு 'சுகரணம்' என்பதே அன்றைய சொற்கள். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் 60க்கும் மேல்.

இப்போது?

மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் எம்பிபிஎஸ் முதலாண்டுக்கு இந்திப் புத்தகங்கள் வெளியாயின. தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியைக் கையில் எடுத்தது. ஆனாலும் கல்லூரியில் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான்.

சமாளிப்பது எப்படி?

* பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க: பிளஸ் 1 தமிழ்வழி விலங்கியலில் செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் எல்லாம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குப் போனால் பாதி பாரம் குறையும்.
* சொல்லைப் பிரித்துப் படியுங்கள்: 'ஹெப்பட்' என்றால் கல்லீரல், 'நெஃப்ர்' சிறுநீரகம், 'ஆர்த்ர்' மூட்டு. கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. ஆக, ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. மற்றதை நீங்களே சொல்லிவிடலாம்.
* வரைந்து பழகுங்கள்: 206 எலும்புகளையும் வெறும் பட்டியலாக மனப்பாடம் பண்ணினால் நிற்காது. படம் போட்டு, பெயர் எழுதி, தன் உடம்பிலேயே தொட்டுப் பார்த்தால் மறக்காது.

புரியாததைத் தமிழில் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாளைக்கு வார்டில் நோயாளி கேட்கப் போவதும் தமிழில்தான்.