பிரேக்குக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

டிராக் டேக்கு கார் எடுத்துட்டுப் போறவங்க நடுவுல அடிக்கடி கிளம்புற சண்டைதான் இன்னைக்கு எபிசோடு. பிரேக் பேட் மாத்தும்போது பேட்டரியைக் கழட்டணுமா, வேண்டாமா? ஒருத்தர் "கட்டாயம் கழட்டணும்"பார். இன்னொருத்தர் "பிரேக்குக்கும் பேட்டரிக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு சிரிப்பார். இதுக்குப் பதில் காருக்கு கார், காலத்துக்குக் காலம் மாறும். அந்த மாற்றத்தோட வரலாறைப் பார்ப்போம்.

1953க்குப் போவோம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கின வருஷம். நம்ம ஊர் ரேஸுக்குக் களம், சோழவரத்துல இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். அதே 1953ல பிரான்ஸ்ல லே மான் 24 மணி நேர ரேஸை ஜாகுவார் ஜெயிச்சது. அந்த காரோட நாலு சக்கரத்துலயும் டன்லப் டிஸ்க் பிரேக். டிரம் பிரேக் மூடின சட்டி மாதிரி. திரும்பத் திரும்ப அழுத்தினா சூடு உள்ளேயே தங்கி, பிடிமானம் குறைஞ்சிடும். டிஸ்க்குக்கு நேரா காத்து படும், சீக்கிரம் ஆறும். இன்னைக்கு நம்ம கார்ல இருக்கிற டிஸ்க்குக்குப் பெரிய விளம்பரம் அந்த ரேஸ்தான்.

1962ல டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தோட லூகாஸ் கெர்லிங்கும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. சென்னை பாடி, பிரேக் செய்யிற ஊராச்சு. அந்தக் கால அம்பாசடர்ல வேலை எப்படி? பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூவை டிரம்மோட அழுத்தும். எல்லாமே கால் பலம். பேட்டரிக்கு இதுல ஒரே வேலை, பின்னாடி சிவப்பு லைட்டை எரிய வைக்கிறது. பிரேக் வேலைக்கு ஜாக்கியும் ஸ்பானரும் போதும்.

அப்புறம் "டெர்மினலைக் கழட்டு"ங்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? பண்ருட்டி பக்கம் அண்ணாகிராமம் மாதிரி ஊர்ல ரோட்டோர ஒர்க்ஷாப்பை நினைச்சுப் பாருங்க. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏத்துற லாரி பாடியில வெல்டிங் வைக்கணும். ஒயரிங் புகையாம இருக்க, மெக்கானிக் முதல்ல நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுவார். ஸ்டார்ட்டர், டைனமோ வேலைக்கும் அப்படித்தான். நல்ல பழக்கம். ஆனா அது கரண்ட்டுக்கான ஜாக்கிரதை. பிரேக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பிரேக்குக்குள்ள கம்ப்யூட்டர் நுழைஞ்சது 1978ல. பாஷ் கம்பெனியோட ஏபிஎஸ், மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல வந்தது. ஆனா ஏபிஎஸ், சக்கரம் லாக் ஆகப் போற நேரத்துல மட்டும் குறுக்கே வரும். சாவியை எடுத்துட்டா தூங்கிடும். பேட் மாத்துறவருக்கு ஆபத்தில்ல.

நிலைமையைத் தலைகீழா மாத்தினது 2001. மெர்சிடிஸ் எஸ்எல் கார்ல எஸ்பிசிங்கிற சிஸ்டம் வந்தது. இதுல பிரேக் அழுத்தத்தைத் தர்றது உங்க கால் இல்ல, மின்சார பம்பு. அது பெரிய அழுத்தத்தைச் சேமிச்சு வச்சுக்கும். ரிமோட்ல காரைத் திறந்தாலோ கதவைத் திறந்தாலோ சிஸ்டம் முழிச்சு, பேடை டிஸ்க்கோட அழுத்தி தன்னைத்தானே சோதிக்கும். இப்ப பிட்ல நடக்கிறதை யோசிங்க. நீங்க காலிப்பருக்குள்ள விரலை விட்டிருக்கீங்க. தண்ணி பாட்டில் எடுக்க நண்பர் கதவைத் திறக்கிறார். பிஸ்டன் பாயுது. விரல் நசுங்கிடும்! அதனாலதான் ஸ்கேனர் போட்டு சிஸ்டத்தை முடக்கிட்டுத்தான் தொடணும்னு கம்பெனியே சொன்னது. 2004ல இந்த பிரேக்குக்காக சுமார் 6,80,000 கார்களைத் திரும்ப அழைச்சாங்க. 2006ல இ கிளாஸ்ல இருந்து எஸ்பிசியையே எடுத்துட்டாங்க.

கதை இப்ப நம்ம வாசலுக்கு வருது. 1990ல சோழவரத்து ரேஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மாறுச்சு. 1998ல அதே இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் தன் ஆலையில கார் தயாரிக்க ஆரம்பிச்சது. 2020ல வந்த கிரெட்டாவுல எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். இந்த மாதிரி கார்ல பின் சக்கரக் காலிப்பர்லயே ஒரு சின்ன மோட்டார். அது பின்னாடி போனாத்தான் புது பேட் நுழையும். பேட்டரியைக் கழட்டிட்டா மோட்டார் எப்படிப் போகும்? கிளாம்ப் போட்டு பலவந்தமா தள்ளினா உள்ள பல் சக்கரம் உடையும். அதாவது, பாதுகாப்புன்னு நினைச்சுக் கழட்டின பேட்டரியே இங்க செலவு வைக்கும்.

அதனால வரிசைதான் முக்கியம். உங்க காரோட கையேட்டைப் பாருங்க. மின்சார பிரேக்னா, பேட்டரி இருக்கும்போதே சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போங்க. அப்புறம் இக்னிஷனை ஆஃப் பண்ணி, சாவியை காரை விட்டுத் தள்ளி வைங்க. கையேடு சொன்னா மட்டும் நெகட்டிவ் டெர்மினல். சாதா ஹைட்ராலிக் பிரேக்னா பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

சோழவரம் காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் மாறாத விதி ஒண்ணு உண்டு. பேட் மாத்தின பிறகு பிஸ்டன் உள்ள போயிருக்கும், முதல் மிதி தரைக்கே போகும். சாதா பிரேக்ல, கார் ஒரு அடி நகர்றதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிச்சிடுங்க. அதைச் செய்யாம கிளம்பினா, முதல் வளைவுல தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.