பதினேழு முறை செத்த சஞ்சய்

2009. படிவம் ஒன்றில் சேர்ந்த புதிது. கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் போடும் பாசார் மாலாமில், நாசி லெமாக் கடைக்கும் கைப்பேசி உறை விற்பவருக்கும் நடுவே ஒரு சிடி மேசை. ஒட்ட வெட்டிய தலையும் மண்டைத் தழும்புமாக ஆமிர் கான் படம் போட்ட உறையை எடுத்தேன்.

"தம்பி, அது படம் இல்ல, கேமு."

"தெரியும்ணே. அதான் வேணும்."

5 ரிங்கிட். திருட்டு சிடிதான், மறைக்க ஒன்றுமில்லை.

'கஜினி: தி கேம்' ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் உருவாக்கியது, 2008 டிசம்பரில் வந்த இந்திப் படத்தோடு ஒட்டி ஈரோஸ் விற்றது. இந்தியாவின் முதல் முழு முப்பரிமாண பிசி கேம் என்று விளம்பரம். விலை 14.99 அமெரிக்க டாலர், அன்றைய கணக்கில் சுமார் 50 ரிங்கிட். மொத்தம் ஐந்து கட்டங்கள். சஞ்சயின் முதுகுக்குப் பின்னால் நின்று நாம் பார்ப்போம். அவன் அடிப்பான், சுடுவான், அடுத்த கட்டத்துக்குப் போவான். அவ்வளவுதான். இரண்டு நாளில் சலித்துப்போய் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அவன் மறுநாளே திருப்பிக் கொடுத்தான்.

அப்போது கிராஃபிக்ஸ் சரியில்லை என்றுதான் குறைபட்டுக்கொண்டோம். இப்போது யோசித்தால் குறை அங்கே இல்லை.

மூலக் கதை நம்முடையது, அல்லது பாதி நம்முடையது. நோலனின் 'மெமென்டோ' 2000-இல் வந்தது. அதிலிருந்து பச்சை குத்தலையும் போலராய்டு படங்களையும் எடுத்துக்கொண்டு முருகதாஸ் 2005-இல் சூர்யாவை வைத்துத் தமிழ் 'கஜினி'யை எடுத்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காதவன் பழிவாங்கக் கிளம்புகிறான். தமிழில் வில்லனின் பெயர் கஜினி இல்லை என்பதை இன்றைக்குப் பல பேர் மறந்துவிட்டார்கள். பதினேழு முறை படையெடுத்ததாகப் பள்ளிப் பாடம் சொல்லும் கஜினி முகமதுதான் தலைப்பில் இருந்தவர், விடாமுயற்சிக்கு அடையாளமாக. இந்திக்குப் போனபோது வில்லனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

விழுவது, மறுபடி எழுவது, மறுபடி விழுவது. வீடியோ கேம் என்றாலே அதுதானே? நாயகன் செத்துத் திரும்பி வரும்போது அவனுக்கு எதுவும் தெரியாது, விளையாடுகிறவனுக்கு எல்லாம் தெரியும். சூப்பர் மாரியோ காலத்திலிருந்து எல்லா கேம் நாயகனுக்கும் சஞ்சயின் நோய்தான். அந்த நோயையே கதையாகக் கொண்ட படம் கையில் கிடைத்தும், பதினைந்து நிமிடத்தில் வரைபடம் அழியட்டும், எந்தப் புகைப்படத்தை வைத்துக்கொள்வது என்று நாமே முடிவு செய்யட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டது ஆமிர் கானின் உடம்பை மட்டும்.

யோசிக்க நேரம் இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது. சினிமாவை வைத்துச் செய்யும் கேமுக்குத் தேதி முதலில் முடிவாகிவிடும். 1982-இல் அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' படத்தின் உரிமையை வாங்கி, கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கேம் வேண்டும் என்றது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். அவருடைய முந்தைய கேம் ஒன்றுக்கு ஏழு மாதம் பிடித்திருந்தது. விற்காத பெட்டிகள் 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014-இல் தோண்டி எடுத்தார்கள். மாறாக, 'கோல்டன்ஐ' படம் வந்தது 1995-இல். கேம் வந்தது 1997 ஆகஸ்டில். படத்தையே எல்லாரும் மறக்க ஆரம்பித்த பிறகு வந்த அந்தக் கேமைத்தான் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபின்தான் இது எனக்கு உறைத்தது. வாடிக்கையாளர் தேதியைச் சொல்லுவார். அதற்குள் அடங்குகிற அளவுக்கு நாங்கள் யோசனையை வெட்டுவோம். முதலில் வெட்டுப்படுவது எப்போதும் புதிதாக இருக்கிற பகுதிதான். ஏனென்றால் அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"தமிழில் நல்ல கேம் ஏன் வரவில்லை?" என்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். 2005-இல் தமிழ் 'கஜினி'க்கு அப்படியொரு பிசி கேம் வரவில்லை. வந்திருந்தால் நான் 50 ரிங்கிட் கொடுத்து வாங்கியிருப்பேனா? மாட்டேன். பாசார் மாலாமில் எப்போது வரும் என்று காத்திருப்பேன். அந்த 5 ரிங்கிட்டில் ஒரு காசுகூட ஹைதராபாத்துக்குப் போயிருக்காது.

போன மாதம் அம்மா அலமாரியை ஒழித்தபோது அந்த சிடி கிடைத்தது. என் மடிக்கணினியில் சிடி போட இடமே இல்லை. நண்பனிடம் யூஎஸ்பி டிரைவ் இரவல் வாங்க வேண்டியிருந்தது. சிறுவயதில் தந்த அதே சலிப்பைத் தந்தது. ஆனாலும் மூன்று இரவு விளையாடினேன். சஞ்சய் விழுந்தான், மறுபடி எழுந்து புதிதாக நின்றான். அடி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.