தூங்குமூஞ்சிக் காய்

தூங்குமூஞ்சி மரத்துக் காய் பழுத்துக் கறுத்ததும் உள்ளே வெல்லப்பாகு போல ஒட்டும். மாட்டுக்கு அது மிட்டாய். ஒன்பது வயதில் வீட்டில் எனக்கு விதித்திருந்த வேலை, பள்ளி விட்டதும் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையோரம் அந்தக் காய்களைப் பொறுக்கி வருவது. இலை கூம்பத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டும். மலாய்க்காரர்கள் அந்த மரத்தைப் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி. அப்பா பால் கறக்க உட்காருவதும் மரத்தைப் பார்த்துத்தான்.

அப்பாவிடம் ஆறு கறவைகள். சிங்கப்பூரில் மாடு வளர்த்தோம் என்றால் என் பேத்தி சிரிக்கிறாள். சிராங்கூன் சாலை ஓடும் தேக்காவே மாட்டால் எழுந்த ஊர் என்று அவளுக்கு யார் சொல்வது? 19-ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றோரத்துச் சதுப்பும் புல்லும்தான் மாட்டு வியாபாரிகளை அங்கே இழுத்தன. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூதர் மாடு விற்றே பெரிய ஆளானார். அவர் பெயரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. பக்கத்தில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை. ஒன்று ஆங்கிலம், ஒன்று மலாய், இரண்டும் எருமைதான். கே.கே. மருத்துவமனையின் பெயரில் இருக்கும் 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கும் எருமைப்பட்டி என்றே பொருள். 1966-இல் அந்த எருமைப்பட்டியில் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில், ஒரே ஆண்டில்! ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் தீவில் மனிதத் தலை இந்த வேகத்தில் கூடினால் மாட்டுக்கு எங்கே இடம் மிஞ்சும்?

மாட்டுக்கு இன்னொரு போட்டியாக மரமும் வந்தது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் வட்டத்தில் பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். ஆண்டுக்குப் பத்தாயிரம் மரக்கன்று என்பது இலக்கு. அடுத்த ஆண்டு நவம்பரில் ஒரு காலை, தம் அலுவலக ஜன்னல் வழியே பார்த்தவருக்கு எஸ்பிளனேடில் மாடுகள் மேய்வது தெரிந்ததாம். சில நாளில் ஒரு வழக்கறிஞரின் கார் மாட்டின் மேல் மோதி, அவர் இறந்துபோனார். இரண்டையும் லீ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்திய மாட்டுக்காரர்கள் நகருக்குள் ஓட்டிவந்து மேய்க்கிறார்கள் என்பதையும் விடவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் அது எங்கள் செவலையாக இருந்திருக்குமோ என்று தோன்றும். இருக்காது, அவ்வளவு தூரம் அது நடக்காது.

மாடு, ஆடு வைத்திருந்தவர்களுக்கு 1965 ஜனவரி 31 வரை கெடு. அதற்குப் பிறகு தெருவில் திரியும் மாடு, ஆடு எல்லாம் இறைச்சிக்கூடத்துக்கு, இறைச்சி சமூகநல இல்லங்களுக்கு. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 53 மாடுகள் அப்படிப் போயின. அப்பா கெடுவுக்கு முன்பே மாடுகளைக் கொட்டிலில் கட்டிவிட்டார். கட்டிப்போட்ட மாட்டுக்கு எத்தனை நாள் தீவனம் வாங்கிப் போடுவது? இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக விற்றார்.

"மரம் நடறாங்கடா, நல்லதுதான். மாட்டுக்கும் மரத்துக்கும் என்னடா சண்டை?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இளங்கன்று நட்ட தெருவில் மேய்ச்சல் மாட்டை விட முடியாது என்பது விவசாயி மகனான அவருக்குத் தெரியாததா? மனிதர்களும் சளைத்தவர்கள் இல்லை. புல்லை மிதித்தார்கள், கன்றைத் திருடினார்கள். சாலை நடுவே நட்டிருந்த விலையுயர்ந்த நார்ஃபோக் பைன் கன்றைத் தம் தோட்டத்துக்காகப் பிடுங்கிய ஒரு மருத்துவரே பிடிபட்டார்.

1967 மே மாதம் 'தோட்ட நகரம்' என்ற பெயர் வந்தது. அழகுக்காக மட்டும் என்று யாரும் நடிக்கவில்லை. ஒழுங்காகப் பராமரித்த புல்வெளியைப் பார்க்கும் வெளிநாட்டு முதலாளி இந்த ஊரை நம்பிப் பணம் போடுவார் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. 1970 முடிவதற்குள் 55,000-க்கு மேல் மரங்கள் நட்டாயிற்று. 1971 நவம்பர் 7-இல் முதல் மரம் நடும் நாள். ஃபேபர் மலை உச்சியில் அமைச்சர் கோ கெங் சுவீ நட்டது தூங்குமூஞ்சி. தென்னமெரிக்காவிலிருந்து 1876-இல் இங்கே வந்த மரம், எங்களைப் போலக் கப்பலேறி வந்ததுதான்.

அவசரத்துக்குக் கைகொடுத்தது அங்சானா மரம். கிராமத்தில் முருங்கைப் போத்து நடுவது போல, தொடை பருமன் கிளையை வெட்டி ஊன்றுவார்கள். சில மாதத்தில் தளிர்த்துவிடும். நேற்று பொட்டலாக இருந்த சாலையில் இன்று நிழல் என்பது ஏதோ மந்திரம் போலப் பேசப்பட்டது. வித்தை என்னவோ நம் ஊர் வேலிக்காரனுக்குத் தெரிந்ததுதான். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் எந்த வித்தையும் பலிக்கவில்லை. வெயிலும் மழையும் படாமல் செடி வெளுத்தது. அகலமான பாலத்தை இரண்டாகப் பிளந்து நடுவே இடைவெளி விட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். செடிக்காகப் பாலத்தை வகிர்ந்த அந்த யோசனையை நான் இன்றும் மெச்சுவேன். இங்கே பசுமை என்பது மிச்சமிருந்த இடத்தில் வைத்த தொட்டிச் செடி இல்லை, கட்டட வரைபடத்திலேயே அதற்குப் பங்கு இருந்தது.

பீஷானில் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை உடைத்து, மூன்று கிலோமீட்டருக்கு வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். பிறகு நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. அவை சாலையைக் கடந்தால் கார்கள் நின்று வழிவிடுகின்றன, ஆட்கள் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். செவலைக்கு ஒரு படம்கூட இல்லை.

சாலையோரப் புல்லுக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? 'கவ் கிராஸ்', மாட்டுப்புல். மெஷின் வைத்து வெட்டி மூட்டை கட்டுகிறார்கள்.

போன மாதம் எங்கள் புளோக்குக்குக் கீழே, உதிர்ந்த தூங்குமூஞ்சிக் காய்களைக் கூட்டி ஒரு தம்பி கறுப்புப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைப் பக்கமாம். ஒரு காயை எடுத்து உடைத்து முகர்ந்தேன்.

"ஊர்ல இத ஆட்டுக்குப் போடுவோம் ஐயா" என்றார்.

"மாடும் நல்லாத் தின்னும். ஆறு மாடு வெச்சிருந்தோம்."

"எந்த ஊர்ல ஐயா?"

"இதே ஊர்ல."

அவர் என்னையும் பதினாறு மாடிக் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சும்மா சொல்லாதீங்க ஐயா" என்று பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.