மெழுகு கடைசியில் வரட்டும்

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில்வே ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், அப்புறம் பீங்கான். களிமண்ணைக் காசாக்கத் தெரிந்த ஊர்.

பீங்கானுக்கு அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? மேலே பூசும் கிளேஸ், சூளையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் உருகி, கண்ணாடித் தோலாகப் படிந்துவிடுகிறது. அடியிலும் அது இருந்தால், பாத்திரம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பீங்கான் தொழிலில் ஒரு வழி உண்டு. அடியில் மெழுகைத் தடவிவிட்டு கிளேஸில் முக்குவார்கள். மெழுகு உள்ள இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். அதைச் சூளையில் வைக்க முடியாது. தோலை நாம்தான் போர்த்த வேண்டும். அதற்கு நம் நாட்டின் பழைய சரக்கு அரக்கு. பாண்டவர்களை எரிக்க துரியோதனன் தேர்ந்தெடுத்த அதே அரக்குதான்! 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தச்சர்கள் இதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மரத்தில் தேய்த்தார்கள். 'பிரெஞ்ச் பாலிஷ்' என்று பெயரும் கிடைத்தது. சரக்கு நம்முடையது, பேர் அவர்களுடையது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும்.

மெழுகின் கதை வேறு. அமெரிக்காவில் ரஸீன் என்ற ஊரில், 1886-ல் சாமுவேல் ஜான்சன் என்பவர் மரத்தரை விற்கும் வியாபாரம் ஒன்றை வாங்கினார். தரை வாங்கியவர்கள், 'இதை எப்படிய்யா பராமரிப்பது?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். மனிதர் ஒரு மெழுகுக் கலவை தயாரித்துக் கொடுத்தார். 1898 வாக்கில், தரையைவிட மெழுகு சமாசாரங்கள் அதிகம் விற்றன. கொசுறு கொடுக்கப்போய் கொசுறே கடையாகிவிட்டது! 1935-ல் அவருடைய பேரன் விமானத்தில் பிரேசிலுக்கே பறந்தார். எதற்கு? கர்னாபா என்ற பனை மரத்தைத் தேடி. அதன் ஓலையில்தான் மிகக் கெட்டியான மெழுகு கிடைக்கிறது.

இதில் நமக்கு என்ன? இருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கர்னாபாவுக்கு 80-க்கு மேல் வேண்டும். விருத்தாசலத்துக் கத்திரி வெயிலில் தேன்மெழுகு உருகிவிடாது, ஆனால் இளகும். இளகினால் பிசுபிசுக்கும், தூசியை வாவென்று அழைக்கும். குளிர்தேசத்துக்காரன் சொன்ன பக்குவம் அப்படியே நமக்குச் சரிவராது. தேன்மெழுகோடு கர்னாபா கலந்ததாகப் பார்த்து வாங்குவது உத்தமம். கொஞ்சமாகத் தொட்டு, மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துணியால் தேயுங்கள். அள்ளிப் பூசினால் அழுக்குதான் மிஞ்சும்.

அப்படியானால் எல்லா மரத்துக்கும் மெழுகா? பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள். கோபுரம் ஐந்து, தேரும் ஐந்து. அந்தத் தேர்களுக்கு மெழுகு பூசினால் என்ன ஆகும்? ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. கரையானும் அதைச் சட்டை செய்யாது. மெழுகு என்பது கைபட்ட கறைக்கும் லேசான உராய்வுக்கும்தான் காவல். வீட்டுக்குள் இருக்கும் பீரோவுக்கு, ஊஞ்சல் பலகைக்கு. வெளியே நிற்கும் மரத்துக்கு எண்ணெய் வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கூரை வேண்டும். தேருக்கு முதல் பாலிஷ், கொட்டகைதான்.

இப்போது அந்தப் பீங்கான் பாத்திரத்தின் அடிப்பாகத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தா காலத்துத் தேக்கு பீரோவில் ஆசையாக மெழுகைத் தேய்த்துவிட்டு, அடுத்த வருஷம் அதன் மேலேயே வார்னிஷ் அடித்தால் என்ன ஆகும்? பிடிக்காது. திட்டுத்திட்டாக உரியும். மரத்தின் துளைகளுக்குள் இறங்கிய மெழுகை முழுக்க எடுப்பது லேசில் நடக்கிற காரியமும் இல்லை. எனவே எண்ணெயா, அரக்கா, வார்னிஷா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மெழுகு கடைசியில் வரட்டும்.

இந்த ஊர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம் சுந்தரர். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடியும் அவருக்குக் கிடைத்தது. உங்கள் பீரோவுக்குக் கிடைக்காது!