மலைநாட்டுத் தேயிலையும் வைரசின் புரதங்களும்

ஈழத்து மலைநாட்டின் பொருளாதார வரலாறு, தாவர நோய்களின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்ததாகும். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை வீழ்த்த, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. கோப்பியை அழித்த பங்கசு, இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாய்ப் படிந்து கண்ணுக்குப் புலனாயிற்று. பிற்காலத்திலே தேயிலையைப் பற்றிய ஒரு நோயோ, தன் காரணியைக் காட்டாது மறைந்து நின்றது.

1925 இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலே சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ளது. அங்குப் பணியாற்றிய சி. எச். காட் என்பார், உயர்மலைத் தோட்டங்களிற் சில செடிகளின் இலைகள் கீழ்நோக்கிச் சுருள்வதையும் தண்டுகள் கோணி வளர்வதையும் ஆராய்ந்தார். பட்டைக்குள், உணவைக் கடத்தும் இழையமாகிய உரியம், கபில நிறமுற்று இறந்திருந்தது. நோயுற்ற கிளையை நலமுள்ள செடியில் ஒட்டியபோது நோயும் உடன் சென்றது. 1939 இல் அவர் விவரித்த இந்நோயை, 1940களில் ரி. ஈ. ரி. பொண்ட் மேலும் ஆராய்ந்தார். இது வைரசு நோயெனக் கொள்ளப்பட்டது.

ஒட்டிய கிளையோடு வைரசு செல்வது எவ்வாறு? இதற்கு விடையளித்தது புகையிலைச் சித்திர வைரசாகும். 1935 இல் ஸ்ரான்லி அதனைப் பளிங்காகப் பிரித்துப் புரதமென்றார். அதில் இறைபோ நியூக்கிளிக்கமிலமும் உண்டென்பதை 1936 இல் போடனும் பிரியும் காட்டினர். அவ்வமிலம் வகுக்கும் புரதங்கள் மிகச் சிலவே. படியெடுக்கும் புரதங்கள் அமிலத்தைப் பெருக்குகின்றன. அவற்றுளொன்று தாவரத்தின் தற்காப்பையும் மழுங்கச் செய்கின்றது. இடம்பெயர்ப்புப் புரதம் கலங்களுக்கிடையேயுள்ள நுண்வழிகளை விரிவாக்கி அமிலத்தை அடுத்த கலத்துக்குச் செலுத்துகின்றது. கலத்திலிருந்து கலத்துக்கு வைரசு செல்ல இப்புரதம் உதவுகின்றதென்பது 1987 இல் நிறுவப்பட்டது. உறைப்புரதமோ உரியத்தின் வழியே நெடுந்தொலைவு செல்லத் துணைசெய்கின்றது. ஒன்று குன்றினும் மற்றவற்றின் வெற்றி குறைபடும். ஒட்டிய கிளையின் உரியம் செடியின் உரியத்தோடு இணைந்ததும், உணவு செல்லும் பாதையே பகையின் பாதையுமாகின்றது.

மலைநாட்டுக்கு இவ்வுண்மை ஏட்டறிவு மாத்திரமன்று. தேயிலை இன்று பெரும்பாலும் வெட்டுத்துண்டுகளாற் பெருக்கப்படுகின்றது. ஒரு தாய்ச்செடியிற் கரந்துறையும் வைரசு, அதன் துண்டுகளோடு மலைச்சரிவு முழுவதும் குடியேறக்கூடும். கொழுந்தின் நிறையாற் கூலி அளக்கப்படும் தொழிலாளியின் கூடையும் இளைக்கும். ஆதலின் தாய்ச்செடியைத் தேர்வோர் கொழுந்தின் செழுமையை நோக்குவதோடு அமையாது, பட்டையின் உட்புறத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது.